தண்ணீர் வற்றியதும் தாம்போதியில் லொறியை ஏற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, விடிய யாழ்ப்பாணத்தில் இறங்கி, அப்படியே புங்குடுதீவு, நயினாதீவு என்று போகிறவர்கள் டிசம்பர் விடுமுறையில் அதிகம். புறக்கோட்டையில் சாமான் ஏற்றுகிற லொறிகளுக்கும் அதே வழிதான். புயல் ஓய்ந்த மறுநாள் எல்லோரும் கேட்பது ஒன்றே: "தண்ணி வத்திட்டுதே, பிறகேன் பாதையை மூடி வச்சிருக்கிறாங்கள்?"

கடலுக்குள் எழுப்பிய வீதியான தாம்போதிக்கு மிக ஆபத்தான நேரமே தண்ணீர் வற்றுகிற நேரம்தான்.

தீவுகளுக்குப் போகிற பண்ணை, வேலணை–புங்குடுதீவு, பொன்னாலைத் தாம்போதிகள் எல்லாம் ஆழமில்லாத கடலுக்குள் கல்லும் கிறவலும் (சரளை மண்ணும்) கொட்டி எழுப்பிய வீதிகள். காற்றழுத்தம் 20 மில்லிபார் இறங்கினால் கடல் மட்டம் ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் ஏறும். அதைவிட மோசம் காற்று: ஆழம் குறைந்த கடலில் அது தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவித்துவிடும். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தால், வீதி அணைக்கட்டுப் போல நின்று அவ்வளவு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி மன்னார் வளைகுடாப் பக்கம் போனது. அப்படி யாழ்ப்பாணத்துக்குத் தெற்கால் கடக்கிற புயலில் காற்று முதலில் வடகிழக்கிலிருந்து வீசும், மையம் கடந்தபின் தென்கிழக்குக்குத் திரும்பும். அதனால் இரண்டு பக்கமும் அடி வாங்கும்.

வெளியே தண்ணீர் சட்டென்று இறங்கும்போது கிறவலுக்குள் ஊறிய தண்ணீர் உடனே இறங்காது. அது மெதுவாகக் கசியும், கசியும்போது நுண்மணலையும் இழுத்துக்கொண்டு போகும். தார் மட்டும் மேலே பாலம் போல நிற்கும், கீழே பொந்து. கண்ணுக்கு நல்ல வீதியாகத்தான் தெரியும்.

கவனிக்க வேண்டியவை சில. கரையில் கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் அவ்வளவு பயமில்லை, கலங்கி வந்தால் உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது. தார் விளிம்புக்குச் சமாந்தரமாக நீள வெடிப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் சரியத் தொடங்கிவிட்டது. 12 மில்லிமீற்றர் கம்பியை வீதியோரத்தில் குத்தும்போது தடையில்லாமல் இறங்கினால், தாரைச் சுத்தியலால் தட்டும்போது வெறுமையாகச் சத்தம் கேட்டால், அந்த இடத்தை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே "திறப்பு", "மூடல்" என்ற இரண்டு பலகை போதாது. பாரத்தைப் பார்த்துப் படிப்படியாகத் திறக்க வேண்டும். முதலில் நடையும் மோட்டார் சைக்கிளும், பிறகு கார், வான். பஸ்ஸை ஆட்களை இறக்கிவிட்டு நடுவீதியால் மெதுவாக விடலாம்; 50 பேர் இறங்கினால் 3 தொன் குறையும். டிப்பரும் பார லொறியும் கடைசியில்தான். ஓர் அச்சின் பாரம் இரட்டித்தால் வீதிக்கு வரும் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்கு. கொழும்பிலிருந்து அனுப்புகிறவர்கள் அரிசி, மா மூட்டைகளை யாழ்ப்பாணத்திலேயே சிறிய லொறிகளுக்குப் பிரித்து ஏற்றினால் கூலி கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

உண்மையில் நெஞ்சைப் பிசைவது நோயாளர் விடயம். டயலிசிஸ் செய்கிறவர்கள், பிரசவத் திகதி நெருங்கியவர்கள் வீதி மூடிய பிறகு வள்ளம் தேடி ஓடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே அவர்களை யாழ்ப்பாணப் பக்கம் கொண்டுவந்து தங்கவைக்க வேண்டும். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இருக்கிறது.

திருத்தும்போது அரிப்பில் கிறவலைக் கொட்டித் தார் பூசுவதை இனியாவது நிறுத்த வேண்டும். உறுதியான மண் வரும்வரை வெட்டி, மண் கசியாத வடிதுணி விரித்து, சிறுகல், அதன்மேல் பெருங்கல் என்று அடுக்க வேண்டும். கிறவலை 20 சென்ரிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் போடாமல் படை படையாக உருளை ஓட்டி இறுக்க வேண்டும். அலையின் உயரம் இரட்டித்தால் அதைத் தாங்கும் கல் 8 மடங்கு பாரமாக இருக்க வேண்டும். குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் மலிவு, ஆனால் மென்மை. வெளிப்புற அடுக்குக்கு வன்னிக் கருங்கல்தான் வேண்டும். மதகுகளையும் கூட்டுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வர வழி இருந்தால் அழுத்தம் குறையும், மீனும் இறாலும் போய்வரும்.