எந்த டேட்டாபேஸ் என்று சொல்லுங்கள்!

டேட்டாபேஸ் ஆட்களுக்கான ஒரு காமெடி வினாடி வினா வீடியோவை எடுத்த கதை சுவாரசியம். எந்த வரிகளை அழிக்க வேண்டும் என்று சொல்லும் WHERE கண்டிஷன் போடாமல் டெலீட்டைத் தட்டி, டேபிள் முழுவதையும் காலி செய்துவிட்டு முழிக்கும் காட்சிக்கு நடிகர் பல டேக் வாங்கினாராம். எங்கள் டீமில் யாரைக் கூப்பிட்டிருந்தாலும் ஒரே டேக்கில் ஓகே ஆகியிருக்கும்!

அப்புறம் ஒரு விஷயம். ட்ரங்கேட் செய்ததை, அதாவது டேபிளை ஒரேயடியாகக் காலி செய்ததை, ரோல்பேக் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு 'முடியாது' என்பதையே சரியான விடையாக வைத்திருக்கிறார்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில் சரி, அங்கே ட்ரங்கேட் ஓடினாலே கமிட் ஆகிவிடும், அதாவது மாற்றம் நிரந்தரமாகிவிடும். ஆனால் போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்களில் இன்னும் கமிட் ஆகாத ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் செய்திருந்தால் தாராளமாக ரோல்பேக் செய்யலாம். ஸ்கிரிப்டை டேட்டாபேஸை நிர்வகிக்கும் ஒரு டிபிஏவிடம் காட்டியிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்.

'நல்லும் நல்லும் சமமா?' கேள்வி மட்டும் அட்டகாசம் (நல் என்றால் NULL, மதிப்பு தெரியாத வெற்றிடம்). விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை என்றதும் பஸ்ஸரைப் பாதியில் திக்கி நிற்க வைத்தாரே, அந்த எடிட்டருக்கு ஒரு சபாஷ்.