துண்டு இல்லாமல் குளிசை கொடுக்காதது குற்றமா?

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாளாக மட்டக்களப்புக் குழுக்களில் அதுதான் ஓடுகிறது. டொக்டர் எழுதிய மருந்துத் துண்டு இல்லாமல் ஒருவர் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் கேட்டிருக்கிறார், பாமசியில் நின்ற பிள்ளை தரமுடியாது என்று சொல்லியிருக்கிறது. அதற்காக முகத்துக்கு நேரே போனைப் பிடித்து, "இவ பெரிய டொக்டர்" என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். கீழே வந்து ஏசியவர்களில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

அந்தப் பிள்ளை செய்தது சரி. நூறு தரம் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும்தான் கேட்டேன் என்று அவரே சொல்கிறார். தடிமன் வைரசால் வருவது. அமொக்சிசிலின் பக்டீரியாவைக் கொல்லும், வைரசை ஒன்றும் செய்யாது. சும்மா விழுங்கினால் உடம்பில் இருக்கிற பக்டீரியாக்கள் அந்த மருந்துக்கு அசையாதபடி பழகிவிடும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்துவிட்டார். நாங்கள் இன்னும் "நாலு குளிசை மட்டும் வெட்டித் தாங்கோ" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

என் மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாரிக்காலம், காய்ச்சல், தாங்க முடியாத உடம்பு உளைவு. ஆஸ்பத்திரிக்குப் போனால் மறித்துவிடுவார்கள் என்று பயந்து, சந்திக் கடையில் வருத்தத்தைச் சொல்லி மருந்து வாங்கினார். சின்னக் காகித உறை, உள்ளே மூன்று வகைக் குளிசை. மருந்தின் பெயர் இல்லை, காலை, இரவு என்று பேனையால் கிறுக்கியது மட்டும். தலையணைக்குக் கீழே கிடந்த அந்த உறையை மாமி எடுத்துத் தர, நான்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அதில் ஒன்று டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை. மாமாவுக்கு வந்திருந்தது டெங்கு. டெங்குக் காய்ச்சலுக்கு அது கூடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். கொடுப்பது பரசிற்றமோல், அதுவும் அளவோடு. அதற்குள் மாமாவுக்கு மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகத் தொடங்கியிருந்தது. டொக்டர்மாரும் தாதிமாரும் இரவு பகலாகப் பார்த்துத்தான் காப்பாற்றினார்கள்.

கேட்டதும் கொடுத்த அந்தக் கடைக்காரரை இன்றைக்கும் நல்ல மனுசன் என்கிறார்கள். கொடுக்க மறுத்த பிள்ளைக்குத் திமிர் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

"கூலிக்குப் போகிறவன் ஆஸ்பத்திரி ஓ.பி.டி. வரிசையில் அரை நாள் நின்றால் அன்றைய சம்பளத்தை நீ தருவியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து டவுனுக்கு வந்து போவதே பெரும் பாடு என்று எனக்கும் தெரியும். பின்னேரத்திலும் ஓ.பி.டி. வேண்டும் என்று கேளுங்கள், முதல் கையெழுத்து நான் வைக்கிறேன். அதற்காகக் கவுண்டரில் நிற்கிற பிள்ளை சட்டத்தை மீறவேண்டுமா? 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது, மருந்துகளை ஒழுங்குபடுத்தத்தான்.

"மற்றக் கடையில் தருகிறார்கள்தானே." இதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற பிரிகாபலினைப் பெடியன்கள் போதைக்கு விழுங்குகிறார்கள் என்று செய்தி வந்தால், பாமசிகளை இழுத்து மூடு என்று முதலில் கத்துகிறவர்களும் நீங்கள்தான்.

இன்னொருவர், "உனக்குக் காசு இருக்கு, பிரைவேட்டில் காட்டுவாய்" என்று எழுதியிருக்கிறார். என் அம்மாவின் கிளினிக் கொப்பி எந்த ஆஸ்பத்திரியில் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறார்.

அந்த இடத்தில் ஒரு ஆம்பிளை நின்றிருந்தால் இப்படிப் போனைத் தூக்கியிருப்பார்களா? நிச்சயமாக இல்லை. இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, குரல் நடுங்க நடுங்க, "அண்ணா, துண்டு கொண்டு வாங்க, தாறன்" என்று மரியாதையாகச் சொல்கிறது. அந்த மரியாதை யாருடைய கண்ணிலும் படவில்லை.

கடை முதலாளிக்கும் ஒன்று சொல்லவேண்டும். துண்டு இல்லாமல் கொடுக்காதே என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? இரண்டு நாளாக ஊரே ஏசுகிறது, உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. நாளைக் காலையில் கடைக் கண்ணாடியில் ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள், துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் இல்லை என்று. கீழே உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வையுங்கள். ஏச வருகிறவர்கள் உங்களிடம் வரட்டும்.