மும்பைக்கு வருபவர்களைத் தடுத்தால் போதுமா?

வெளிமாநிலத்தவர் வருவதை நிறுத்தினால் மும்பை நெரிசல் தீரும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உடன்பாடில்லை. முதலில் எப்படித் தடுப்பீர்கள்? இந்தியாவில் எங்கும் போய்க் குடியிருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவே சொல்கிறது.

அப்புறம், 2001க்கும் 2011க்கும் இடையில் கொலாபா முதல் தாராவி வரையுள்ள பழைய நகர மாவட்டத்தில் மக்கள்தொகை கூடவில்லை, சுமார் 33 லட்சத்திலிருந்து 31 லட்சமாகக் குறைந்துதான் இருக்கிறது. வீடு கட்டுப்படியாகாமல் ஜனங்கள் விரார், கல்யாண் மாதிரி தொலைவான புறநகர்ப் பக்கம் போய்விட்டார்கள், ஆனால் வேலையில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது, பிறகு காலை லோக்கல் ரயிலில் ஏன் மூச்சு முட்டாது?

இடமே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. 1982 ஜவுளித் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஒவ்வொன்றாக மூடிய, நகருக்குள் பரேல் பக்கத்து ஜவுளி ஆலைகளின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது இடத்துக்கு, இன்னொரு பங்கு எளியவர் வீட்டுக்கு என்று 1991இல் விதி போட்டார்கள். 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி மனையை மட்டும் பங்கு போட்டால் போதும் என்றாக்கினார்கள் (ஆலை நிலத்தில் காலி மனை எவ்வளவு இருக்கும்?). 2006இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இன்று அங்கே மாலும் அலுவலகமும் கோடிக்கணக்கில் விலைபோகும் ஃபிளாட்டும்தான்.

அறுபதுகளில் இதே ஊரில் நம் ஆட்களைத்தான் 'வந்தேறி' என்று விரட்டினார்கள், தாராவியில் இன்றும் திருநெல்வேலிக் குடும்பங்கள் உண்டு. இப்போது திருப்பூரில் பீகார்காரர்களைப் பார்த்து நாம் பேசுவதும் அதே பேச்சுதானே. அது கிடக்கட்டும், குறைந்த வாடகை வீடு பற்றி இவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?