செலவு செய்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம்

இன்றோடு ஒன்பதாவது முறை. நான் படிக்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அதே மேஜை, அதே ஃபைல், அதே பதில். "மேடம், ஒரிஜினல் போர்டிங் பாஸ் இல்லாமல் நான் எப்படி மேலே அனுப்புவது?"

பெங்களூரில் பி.எச்டி. நான்காம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் நான்கு மாதம் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்யப் போனேன். திரும்பி வந்து ஏழு மாதம் ஆகிறது. விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்து எனக்கு வரவேண்டியது 1,04,000 ரூபாய். தருகிறோம் என்று கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் என்னிடம் இருக்கிறது. பணம் மட்டும் வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ஃபாரின் போய்ட்டு வந்துட்டே, உனக்கென்னம்மா" என்கிறார்கள். கேட்கும்போதே வயிறு எரிகிறது.

ஊர் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. நரம்பு செல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் புரதங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு) நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் குழம்பித்தான் தெரியும். 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே சொன்ன எல்லை அது. அதைத் தாண்டிக் காட்டியதற்காக 2014இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஸ்டெஃபான் ஹெல் வேலை செய்யும் ஊர் கோட்டிங்கன். அந்த ஊர் ஆய்வகம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. இங்கே இரண்டு வருடமாக மங்கலான பச்சைத் திட்டாகவே பார்த்த ஒன்று, அங்கே ஓர் இரவு பதினொன்றரை மணிக்குத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து திரையில் நின்றது. எழுந்து நின்று அழுதுவிட்டேன். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் படங்கள்தான்.

போவதற்கு முன்பே அட்வான்ஸ் கேட்டேன். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான் அட்வான்ஸாம். மாணவர்கள் செலவு செய்துவிட்டு வந்து பில் கொடுக்க வேண்டுமாம். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு முன்பணம் உண்டு, மாதம் 42,000 உதவித்தொகையில் இருக்கிற எனக்குக் கிடையாது. அந்த 42,000கூட மாதாமாதம் வருவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், சில சமயம் நான்கு. 2023 ஜனவரி முதல் 35,000ஐ 42,000 ஆக்கினார்களே, அதற்கே நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் போராட வேண்டியிருந்தது. கையில் என்ன மிஞ்சும் என்று நினைக்கிறார்கள்?

அப்பாவுக்குச் சின்னாளப்பட்டியில் சாயப்பட்டறை வேலை. மைசூர்–தூத்துக்குடி வண்டியில் போய்த் திண்டுக்கல்லில் இறங்கி, வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்தில் கிடந்த நான்கு பவுன் செயினைக் கழற்றினார். தாலியை அதிலிருந்து எடுத்து, சாமி படத்துக்கு அடியில் வைத்திருந்த மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டார். செயினை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார். ஒன்றரை லட்சத்துக்கு அடகு வைத்தோம். இன்றுவரை அம்மா கழுத்தில் அந்தக் கயிறுதான்.

ஜெர்மனிக்குப் போனால் மட்டும் உடனே பணம் வந்துவிடுமா? அங்கிருப்பவர்கள் உதவித்தொகை போட வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிப் பதிவு வேண்டும், பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வீட்டுக்காரருக்கு இரண்டு மாத வாடகை டெபாசிட், 700 யூரோ. யூரோ அப்போது 90 ரூபாய். முதல் பணம் ஆறாவது வாரம்தான் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தார்கள்.

இங்கேதான் ஒன்று முடிந்தால் இன்னொன்று. திரும்பும்போது போர்டிங் பாஸ் ஃபோனில்தான் வந்தது. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன், செல்லாது என்றார்கள். பயணம் செய்ததற்கு விமான நிறுவனத்திடமிருந்தே சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டில் குடியேற்ற முத்திரையைக் காட்டினேன். நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்பதற்கு நானே எதிரில் நிற்கிறேன்! சரி என்று வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் புதுக் கேள்வி கேட்டார்கள். அரசு அங்கீகரித்த மூன்று ஏஜென்சிகளில் ஒன்றில் ஏன் டிக்கெட் எடுக்கவில்லை? கடைசி வாரத்தில் கருவியின் லேசர் பழுதாகி, பயணம் பத்து நாள் தள்ளிப்போனது. ஏஜென்சி சொன்ன விலையைவிட 9,000 ரூபாய் குறைவாக நானே ஆன்லைனில் எடுத்தேன். அரசுப் பணத்தை மிச்சப்படுத்தியதற்கு விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். காப்பீட்டு ரசீது ஜெர்மனில் இருக்கிறது, மொழிபெயர்த்து அத்தாட்சி வாங்கு என்றார்கள், வாங்கினேன். இன்று மறுபடியும் போர்டிங் பாஸ். நான் கொடுத்த சான்றிதழ் ஃபைலில் இல்லையாம்.

அந்த மேஜையில் இருப்பவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஆடிட் கேட்டால் என் தலை உருளும் என்கிறார், அவர் பயம் அவருக்கு. ஆனால் மாணவன் வீட்டில் ரெண்டு லட்சம் சும்மா கிடக்கும் என்று நினைத்து விதி எழுதினார்களே, அவர்கள்மீதுதான் என் கோபம் அத்தனையும். பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது வெறும் தாமதம். எங்கள் வீட்டில் மாதாமாதம் வட்டி ஓடுகிறது.

நேற்று ஜூனியர் ஒருத்தி வந்தாள். பிரான்சில் மூன்று மாதம் ஆராய்ச்சி செய்யத் தேர்வாகியிருக்கிறாள். "அக்கா, கையில எவ்வளவு வச்சுக்கணும்?" என்று கேட்டாள். இரண்டு லட்சம் என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அப்போ நான் போகலக்கா" என்றாள்.

திங்கட்கிழமை பத்தாவது முறை போகிறேன். சான்றிதழின் இன்னொரு பிரதியோடு, அவளுடைய அட்வான்ஸ் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு. வாங்கிக்கொண்டு சீல் வைத்துத் தரும்வரை அந்த மேஜையை விட்டு நகரப் போவதில்லை.