குசினியில் வானொலி கேட்டவனின் பதில்

ஞாயிறு இரவு நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். அதில் பேசிய தம்பியின் பெயரை எழுதப்போவதில்லை. பிள்ளை வயது, நன்றாக இருக்கட்டும். ஆனால் "ஆங்கிலத்தில் மவுசு குறைந்ததும் பாடகி செலின் தியோன் பிரெஞ்சுப் பக்கம் ஒதுங்கினார், 2013 ஐரோப்பிய இசைப் பயணமே சாட்சி" என்று அவர் சொல்ல, ஒருவர்கூட மறுக்காமல் இதயக் குறிகளை அனுப்பிக்கொண்டிருந்தீர்களே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

ஒதுங்கினாராம். சொந்த வீட்டுக்குள் இருப்பவர் எங்கே ஒதுங்குவது?

கனடாவின் பிரெஞ்சு மொழி மாகாணமான கியூபெக்கில், ஷார்லமாஞ் என்ற சிற்றூரில் 14 பிள்ளைகளின் கடைக்குட்டி அவர். 12 வயதில் பாடிய முதல் பாட்டு பிரெஞ்சு. அதை எழுதியதில் தாயாருக்கும் பங்குண்டு. 1988-இல் டப்ளினில் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி, ஒரே ஒரு புள்ளியில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை வென்றதும் பிரெஞ்சுப் பாட்டால்தான். முதல் ஆங்கிலத் தொகுப்பு 1990-இல் வந்தது. அதே ஆண்டு கியூபெக்கில் ஆங்கிலக் கலைஞருக்கான விருதைக் கொடுத்தபோது, நான் ஆங்கிலக் கலைஞர் அல்ல என்று வாங்க மறுத்துவிட்டார். மேடையில், தம்பி. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க.

சரி, மவுசு குறைந்த பிறகு என்கிறீர்கள். 1998-ஐ எடுத்துக்கொள்வோம். அவர் பாடிய டைட்டானிக் பாட்டு ஒலிக்காத வீடில்லை, கல்யாண மண்டபமில்லை. அந்த ஆண்டே, செப்டம்பரில், பிரெஞ்சுப் பாடலாசிரியர் ழான் ழாக் கோல்ட்மனோடு சேர்ந்து ஒரு முழுப் பிரெஞ்சுத் தொகுப்பை வெளியிட்டார். மவுசு குறைந்தவர் செய்கிற வேலையா அது?

2013-க்கு வருகிறேன். அந்த நவம்பரில் அவருடைய புதிய ஆங்கிலத் தொகுப்பு கடைகளுக்கு வந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கலாம். அவரோ அதிலிருந்து சிலவற்றை மட்டும் பாடிவிட்டு, முந்தைய ஆண்டு வந்த 'சான் அத்தாந்தர்' பிரெஞ்சுத் தொகுப்பையும் பழைய பிரெஞ்சுப் பாடல்களையுமே பெரும்பாலும் பாடினார். இறந்துபோன தந்தையோடு பேசத் துடிக்கும் ஒரு மகளின் பாட்டு அந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. பயணம் தொடங்கிய இடம் ஆன்ட்வெர்ப். பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதி. அங்கே கடையில் பிரெஞ்சில் பாண் கேட்டாலே சிலருக்கு முகம் சுருங்கும். ஒதுங்க இடம் தேடுகிறவர் அங்கேயா போய் நிற்பார்?

"ஆன்ட்வெர்ப், பாரிஸ் என்று இரண்டே இரண்டு நகரங்கள்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு லாஸ் வேகாஸில் நிரந்தர மேடை இருந்தது, ஐயா. இடைவெளியில் வந்து போனார். டிக்கெட் விலை அநியாயம் என்றால் ஒத்துக்கொள்கிறேன். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இனி என் கதை. 1995-இல் பாரிஸில் ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஆவி பட்டுக் கெட்டுவிடாமல் இருக்க, சமையற்காரர் வானொலியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, கழுத்தில் கயிறு கட்டி அலமாரியில் தொங்கவிட்டிருந்தார். பைக்குள்ளிருந்து நாள் முழுக்க அந்தப் பாட்டு வரும்: 'பூர் க து எம் ஆன்கோர்'. நீ இன்னும் என்னை நேசிக்கும்படியாக. என்ன பாட்டென்றே தெரியாமல் 'பூர் க' மட்டும் மனத்தில் ஒட்டிக்கொண்டது. மொழி வகுப்பில் மூன்று மாதம் விளங்காத இலக்கணம் அது. 'பூர் க' வந்தால் பின்னால் வருகிற வினை வேறு உருவம் எடுக்கும். பிறகு ஓர் அலுவலகத்தில், எனக்கு உதவும்படியாக என்று அதே அமைப்பில் ஒரு வாக்கியம் சொன்னேன். கருமபீடத்தில் இருந்த அம்மா அதுவரை கோப்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

இதைத்தான் ஞாயிறு நேரலையின் கீழே நாலு வரியில் எழுதினேன். தம்பி அதைச் சத்தமாக வாசித்தார். "குசினியில் வானொலி கேட்டவர்களெல்லாம் இசை விமர்சனம் எழுதினால் இப்படித்தான்" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நான் கோபப்படவில்லை. விமர்சகன் என்று நான் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு இருக்கும் 1995 தொகுப்பு, பிரெஞ்சு மொழியில் இதுவரை அதிகம் விற்ற தொகுப்பு என்று சொல்லப்படுவது. அதன் தலைப்பான 'D'eux' என்பதைக் கண்ணால் படித்தால் 'அவர்களைப் பற்றி', காதால் கேட்டால் 'இரண்டு'. இது எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரவில்லை. கை ஊறிப் போகக் கோப்பை கழுவியபோது தெரிந்துகொண்டது. குசினிப் பிரெஞ்சு என்று சொல்லிக்கொள்ளுங்கள். கியூபெக்காரர்களின் உச்சரிப்பைக் கேட்டும் பாரிஸ்காரர்கள் காலமெல்லாம் சிரித்துத்தான் வந்திருக்கிறார்கள். அதே பாரிஸில், 2024 ஜூலையில், நோயோடு வருடக்கணக்காகப் போராடிவிட்டு, மழையில் ஈஃபில் கோபுரத்தில் நின்று பழம்பெரும் பிரெஞ்சுப் பாடகி எதீத் பியாஃபின் பாட்டை யார் பாடினார்? சிரித்தவர்களில் ஒருவரா?

"ஒரு பாடகிக்காக இவ்வளவா அண்ணை?" என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். பாடகிக்காகத்தான். வேறு எதற்காக?

2013-இல் பாரிஸின் பெர்சி அரங்குக்கு மகளோடு போனேன். கூரைக்குப் பக்கத்து இருக்கை. மேடையில் அவர் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தார். அந்த 'பூர் க' பாட்டு தொடங்கியதும் நான் வாய்விட்டுப் பாடிவிட்டேன். மகள் சட்டைக் கையை இழுத்து, "அப்பா, மெதுவாக, உங்கள் உச்சரிப்பு பிழை" என்றாள். இங்கே பிறந்தவள். சரியாகத்தான் சொல்லியிருப்பாள். முன் வரிசையில் இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அடுத்த வரியை என்னோடு சேர்ந்து பாடினார்.

1995-இல் நான் வாங்கிய அந்தத் தொகுப்பின் கசெட் இன்னும் வீட்டில் இருக்கிறது, தம்பி. வந்தால் போட்டுக் காட்டுகிறேன், சாப்பிட்டுவிட்டும் போகலாம். நாடா அடிக்கடி சிக்கும். ஒரு பென்சில் கொண்டு வாருங்கள்.