ஓர் ஏரியை ஆராய எத்தனை துறைகள் வேண்டும்?

பொறியியல், வேளாண்மை, மொழி, வரலாறு என்று நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகளின் பரப்பு எனக்கு உண்மையாகவே பெருமிதம் தருவது. நீர்வளப் பொறியியல் கற்பிப்பவன் நான். ஆய்வேடுகளோடுதான் என் காலம் கழிகிறது. ஆனால் அந்தப் பரப்பு முழுவதும் வேலி போட்ட மனைகளாகக் கிடக்கிறது. ஒரு மனையில் நிற்பவர் அடுத்த மனையில் என்ன விளைகிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்க நினைப்பவரையும் விதிமுறை தடுக்கிறது. இதனால் நாம் இழப்பது என்ன என்பதை ஓர் ஏரியை வைத்தே சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. ஏரி என்றால் கரை, மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால், அதன் நீரில் விளையும் நிலமான ஆயக்கட்டு. வடிவத்தைக் கேட்டால் பொறியாளர் உடனே சொல்வார்: மெல்லச் சரியும் நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, அதன் இரு முனைகளையும் மேட்டுப் பக்கமாக வளைத்துவிட்டால், குறைந்த மண்வேலையில் நிறைய நீர் நிற்கும். இதைக் கபிலர் புறநானூற்றின் 118ஆம் பாடலில் 'எண்நாள் திங்கள் அனைய கொடுங்கரை' என்கிறார். எட்டாம் நாள் பிறை போல வளைந்த கரை. குன்றுகளும் பாறைகளும் கூடிய இடத்தில், அவற்றை இணைத்து வளைத்த சிறு குளம். எங்கள் துறையில் ஒரு வகுப்பு முழுக்க வரைபடம் போட்டு விளக்குவதை அவர் ஓர் உவமையில் வைத்துவிட்டார்.

அந்தப் பாடல் உண்மையில் சொல்ல வருவது வேறு. பாரி இறந்த பிறகு, பார்ப்பாரற்று அந்தக் குளம் உடைந்து போவதைச் சொல்கிறது. கரையின் வடிவம் தெரிந்தால் போதாது, அதைக் காப்பது யார் என்பதும் தெரிய வேண்டும் என்ற அறிவு அந்தச் சில அடிகளுக்குள் இருக்கிறது. ஏரிகளைப் பற்றிய நம் பொறியியல் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. கொள்ளளவு எவ்வளவு, வண்டல் எவ்வளவு, செயற்கைக்கோள் படத்தில் நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது, இவ்வளவுதான். ஏன் சுருங்கியது என்ற இடத்தில் ஒரு பத்தி, அதில் 'ஆக்கிரமிப்பு, பராமரிப்பின்மை' என்று இரண்டு சொற்கள்.

கலிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மிகுதி நீர் வழிந்து போவதற்கான கட்டுமானம் அது. பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். பெருமழைக் காலத்தில் அவற்றின் இடைவெளி வழியாக வெள்ளம் ஓடிவிடும். மழை ஓயும் நேரத்தில் அந்த இடைவெளிகளைப் புல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்ளலாம். எளிமையான, அருமையான ஏற்பாடு. எந்த நாளில் அடைப்பது? சீக்கிரம் அடைத்தால் அடுத்த மழையில் கரைக்கே ஆபத்து; நீர்ப்பிடிப்பு ஓரத்தில் பயிரிட்டவரின் நிலமும் மூழ்கும். தாமதித்தால் கடைமடைக்காரருக்கு அறுவடை வரை தண்ணீர் எட்டாது. வழிந்து வரும் நீரை நம்பிக் கீழே இன்னொரு ஏரி காத்திருக்கிறது. அந்த ஊரும் சண்டைக்கு வரும். இந்த நாளைக் குறித்தது ஊரின் அதிகாரமும், நிலவுடைமையும், சாதியும், சில இடங்களில் கோயிலும். நீரியல் சமன்பாட்டில் இவை எதற்கும் இடம் கிடையாது. கலிங்கை வெறும் வழிந்தோடியாகக் கணக்கிட்டு, கற்களைப் பிடுங்கி ஒரே மட்டத்தில் சிமெண்ட் பூசினால், கணக்கு சரியாக வரும். ஊரிடமிருந்து ஒரு முடிவெடுக்கும் உரிமை போய்விடும்.

ஊர் எப்படி முடிவெடுத்தது என்பதற்குச் சான்று கல்லிலேயே கிடக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் என்பதை எத்தனை பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? அந்த ஊரின் ஏரிக்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட ஏரிப்பட்டி நிலங்கள், ஏரி ஆயம் என்ற வரி, வண்டல் அள்ள ஓடம் வைத்திருந்த செய்தி எனக் கல்வெட்டுகளில் பராமரிப்புக்கான நிதித் திட்டமே இருக்கிறது. ஏரி நீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்புகளில் பல, தம்மைச் செய்து வைத்தவரின் பெயரைத் தம் மேலேயே தாங்கி நிற்கின்றன.

இந்த இடத்தில் வரலாற்றாய்வாளர் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் மயங்கிப் போவோம். உத்திரமேரூர் சபை பிராமணர்களின் ஊர்ச்சபை. நிலமும் கல்வியும் தகுதியாக இருந்தன. பெண்களுக்கும் மற்றச் சாதியாருக்கும் அங்கே இடமில்லை. ஊராரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற சொல்லை இன்று அன்போடு சொல்கிறோம், 2017இல் அரசுத் திட்டமாகவும் மீட்டெடுத்தோம். அந்த மராமத்தில் மண் சுமந்தவர்கள் யார், கரையில் நின்று ஏவியவர்கள் யார்? 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து ஊராரின் வேலையைச் சட்டக் கடமையாக்கியது. டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளர் இராமநாதபுரம் சீமையின் கிராமத்தில் தங்கி ஆராய்ந்து, கண்மாய்ப் பராமரிப்பு என்பது அதிகாரமும் மரியாதையும் பங்கிடப்பட்ட விதத்தோடு பிரிக்க முடியாமல் பின்னியிருந்தது என்று காட்டினார். இதைப் படிக்காத ஒருவர் இன்று நீர்ப்பாசனச் சங்கம் அமைக்கப் போனால், பழைய ஏற்றத்தாழ்வையே புதிய பதிவேட்டில் எழுதிவிட்டு வருவார்.

துறைகள் கலந்தால் என்ன விளையும் என்பதற்கு வேளாண்மையில் எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஒற்றை நாற்று நடவு. 1983இல் மடகாஸ்கரில் இதைக் கண்டறிந்த ஹென்றி லோலானியே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். ஒரு மாத நாற்றுக்குப் பதிலாக 15 நாள் நாற்றை, குத்துக்கு ஒன்றாக, இடைவெளி விட்டு நட்டார். வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல் விட்டார். நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வது அதைத்தான். இதை உலகெங்கும் எடுத்துச் சென்றவர்களில் முதன்மையானவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாப். அவர் அரசியல் அறிவியல் பேராசிரியர். 1980களின் தொடக்கத்தில் இலங்கையின் கல் ஓயா பாசனத் திட்டத்தில், வாய்க்கால் வாரியாக உழவர் குழுக்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் பேசிக்கொண்டால் பற்றாக்குறையிலும் நீரைப் பகிர முடியும் என்பதை அங்கே நேரில் கண்டவர். நெல் விஞ்ஞானிகளில் ஒரு பிரிவினர் இந்த நடவின் விளைச்சல் கணக்குகளைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதம் தேவையானதுதான். ஆனால் வயலில் எவ்வளவு நீர் நிற்க வேண்டும் என்ற கேள்வியை உலகம் மறுபடி கேட்பதற்கு ஒரு பாதிரியாரும் ஓர் அரசியல் அறிவியலாளரும் காரணமானார்கள். தமிழ்நாட்டின் வேளாண் ஆய்வாளர்கள் அதை இங்கே வயலில் சோதித்துப் பார்த்து, திருந்திய நெல் சாகுபடியாக உழவரிடம் சேர்த்தார்கள்.

எதிர்த் திசையிலும், வரலாற்றாய்வு எண்ணிக்கையின் முறையைக் கைக்கொண்டபோது, இது நடந்திருக்கிறது. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் பயின்ற ஜப்பானியர் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலுவுடனும் தோரு மத்சுயியுடனும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை எல்லாம் தொகுத்து 1978இல் வெளியிட்டார். திருச்சிக்கு அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றில் நிலம் பொதுவாகவும், பிரமதேயமான (பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட) மற்றதில் தனித்தனியாகவும் இருந்த வேறுபாட்டைக் காட்டினார். அரசர்களின் புகழுரைகளாக மட்டும் படிக்கப்பட்டுவந்த கல்லை எண்ணிப் பார்க்கத் தக்க தரவாக மாற்றிய வேலை அது. நிலம் யாருடையது என்று தெரிந்த பிறகுதான் நீர் யாருடையது என்று கேட்கவே முடியும்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவி ஒருவர் ஓர் ஏரிச் சங்கிலியை ஆய்வுக்கு எடுத்தார். அந்த ஊர்களின் கல்வெட்டுகளை வைத்து ஓர் இயல் எழுத விரும்பினார். தமிழ்த் துறையிலிருந்து இணை நெறியாளர் ஒருவரும் ஆர்வமாக முன்வந்தார். ஆய்வுக் குழு கூடி, அந்த இயல் 'புலத்துக்கு வெளியே' இருக்கிறது என்று நீக்கச் சொன்னது. வேறு புலத்து இணை நெறியாளருக்கு விதியில் இடமில்லை என்றும் சொன்னது. அந்த இயலில்தான் ஆய்வின் உயிர் இருந்தது. மாணவி ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் பெற்றுவிட்டார். எனக்கு ஆறவில்லை.

இது ஒரு குழுவின் பிடிவாதம் மட்டுமல்ல, அமைப்பே அப்படி. வேளாண்மைக்கு 1971இல் கோவையிலும், பொறியியலுக்கு 1978இல் சென்னையிலும், தமிழுக்கு 1981இல் தஞ்சையிலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் கண்டோம். ஒவ்வொன்றும் தன் வழியில் பெரும்பணி செய்திருக்கிறது, மறுக்கவில்லை. மூன்றையும் ஒரே கேள்வியின் முன் உட்கார வைக்கும் ஏற்பாட்டைத்தான் நாம் செய்யவில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் சட்டத்துக்கும் பல் மருத்துவத்துக்கும்கூடத் தனிப்பட்டியல் உண்டு. 2023இல் வேளாண்மையும் சேர்ந்தது. வரலாறு, மொழி, மெய்யியல் ஆகியவற்றுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. பட்டியலில் இல்லாததற்கு நிதிக்குழுவில் குரல் இருக்காது. கல்வெட்டு படிக்கத் தெரிந்த இளைஞர்கள் வேலையின்றி வேறு தொழிலுக்குப் போகிறார்கள். பழைய எழுத்துகளைப் படிக்கும் பயிற்சி ஒரு தலைமுறையில் அறுந்துவிட்டால், எந்தக் கணினி ஆய்வகமும் அதை உடனே மீட்டுத் தராது.

சிதம்பரத்தில் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், வேளாண்மை, தமிழ், வரலாறு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே வீராணம்: பராந்தகன் காலத்து ஏரி. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. அந்தக் கீழணையைக் கட்டியவர் ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய இந்த மண்ணின் முன்னோரிடமிருந்தே கற்றதாக எழுதிவைத்தவர் அவர். 2004 முதல் வீராணத்து நீர் சென்னைக்கும் போகிறது. உழவரின் பங்கு எவ்வளவு, நகரத்தின் பங்கு எவ்வளவு, வண்டல் எவ்வளவு, பழைய உரிமைகள் எவை என்ற கேள்விகள் ஒன்றோடொன்று முட்டும் இடம் அது. நான்கு துறைகளிலிருந்தும் ஆளுக்கொரு மாணவரைச் சேர்த்து ஐந்தாண்டுகளுக்கு அந்த ஏரிக்கரைக்கு அனுப்புங்கள் என்று எந்த மேடை கிடைத்தாலும் கேட்பேன்.

அதற்கு முன்னால் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 1883இல் தொடங்கிய ஏரிகள் சீரமைப்புத் திட்டத்தின் கீழ், ஆங்கில ஆட்சியின் பொறியாளர்கள் ஏரி ஏரியாகச் சென்று கரை நீளம், மதகு மட்டம், கலிங்கின் அகலம், ஆயக்கட்டு எல்லாவற்றையும் குறிப்பேடுகளாக எழுதினார்கள். எஞ்சியிருப்பவற்றை எல்லாம் ஒளிநகல் எடுத்து, அதே ஊரின் கல்வெட்டுப் படிகளையும் இன்றைய வருவாய்த் துறைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். பொறியாளர் அந்த அளவுகளைப் படிப்பார், கல்வெட்டறிஞர் ஊர்ப்பெயரையும் எல்லையையும் படிப்பார், வேளாண் ஆய்வாளர் எந்தப் போகத்துக்கு எவ்வளவு நீர் திறந்தார்கள் என்று தேடுவார். பல்கலைக்கழகங்களின் ஆய்வு விதிகளில் வேறு புலத்து இணை நெறியாளரை அனுமதிக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், மூவரும் ஒரே ஆய்வேட்டில் கையெழுத்திடலாம்.