கப்பலில் கடை விரித்தவர்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தின் வாலில் ஒரு பறவை இருக்குமே, சென்னையிலிருந்து சாங்கிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 1972இல் அதை வடிவமைத்துக் கொடுத்த நிறுவனம் சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில், கிளாமத் என்ற பழைய படகில் இயங்கிக்கொண்டிருந்தது. நிறுவனத்தை நடத்தியவர் வால்டர் லேண்டர். 1913இல் ஜெர்மனியின் மியூனிக்கில் பிறந்தவர். அப்போது குடும்பப் பெயர் லாண்டவர்.

ஃபெடெக்ஸ் கூரியர் கம்பெனியின் லோகோ எழுத்துகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் அம்புக்குறியைக் காட்டி 'கவனித்தீர்களா?' என்று கேட்கும் வாட்ஸ்அப் பகிர்வு வருஷத்துக்கு நாலு தடவையாவது எனக்கு வந்துவிடுகிறது. 1994இல் அதைச் செய்ததும் இவர் தொடங்கிய நிறுவனம்தான். வரைந்தவர் லிண்டன் லீடர். அம்பு உலகப் புகழ் பெற்றுவிட்டது. வரைந்தவரையும் தெரியாது, நிறுவனத்தைத் தொடங்கியவரையும் தெரியாது.

லேண்டருடைய அப்பாவைப் பற்றிப் படித்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. அப்பா ஃபிரிட்ஸ் லாண்டவர், கட்டடக் கலைஞர், யூதர். இன்னொருவரோடு சேர்ந்து அவர் வடிவமைத்த ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர யூத ஆலயம் 1917இல் திறக்கப்பட்டது, இன்றும் நிற்கிறது. அதே நாட்டின் பிளாவன் நகரில் 1930இல் எழுப்பிய ஆலயத்தை 1938 நவம்பரில் நாஜிகள் அழித்தார்கள். அப்பா கல்லில் கட்டினார். மகன் பீர் பாட்டில் லேபிளும் உணவு டப்பா அட்டையும் வரைந்தார். வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே கிழித்துப் போடுகிற சமாச்சாரம். ஆனால் கண்ணில் படுகிற கணக்கைப் பார்த்தால் மகன்தான் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார்.

லேண்டர் லண்டனில் படித்து, 1935இல் மில்னர் கிரே, மிஷா பிளாக் ஆகியோரோடு கூட்டாக வடிவமைப்பு நிறுவனம் தொடங்கினார். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் பிரிட்டிஷ் அரங்க வேலைக்காக அமெரிக்கா போனவர், சான்ஃபிரான்சிஸ்கோவைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிட்டார். 1941இல் வீட்டிலேயே 'வால்டர் லேண்டர் அண்ட் அசோசியேட்ஸ்' பிறந்தது. அந்த அசோசியேட்ஸ் யாரென்றால், மனைவி ஜோசஃபின். பன்மை விகுதி கௌரவத்துக்கு!

அது சூப்பர்மார்க்கெட்டுகள் பெருகிய காலம். அதுவரை கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், 'இது நல்லா இருக்கும், வாங்கிட்டுப் போங்க' என்பார். வாங்க வருகிறவரே எடுத்துக்கொள்ளும் கடையில் அந்த அண்ணாச்சி வேலையை டப்பாதான் செய்தாக வேண்டும். லேண்டருக்கு இது முன்கூட்டியே பிடிபட்டுவிட்டது. தன் அலுவலகத்திலேயே மாதிரி சூப்பர்மார்க்கெட் அமைத்தார். புது அட்டையைப் போட்டிக் கம்பெனிகளின் டப்பாக்களுக்கு நடுவே அடுக்கி, சாதாரண வாடிக்கையாளர்களை வரவழைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்தார். வடிவமைப்பாளரின் மேசையில் தனியாக அழகாகத் தெரிகிற டப்பா, அலமாரிக் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அதைக் கடைக்கு அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடிப்பதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும். 1964இல் கிளாமத் படகுக்குக் குடிபோனபோது அந்தக் கடையும் தண்ணீர் மேல் ஏறியது.

என்னைக் கேட்டால், அவர் விட்டுப்போன பெரிய சொத்து இந்தக் கடைதான், லோகோவெல்லாம் அப்புறம். தன் ரசனையைவிட வாங்க வருகிறவரின் கண்ணை நம்பிய கலைஞர்கள் குறைவு. அதற்கு அவர் கொடுத்த விலைதான் இந்த மறதி. அமெரிக்காவில் பேர்போன வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியும் பிரான்ஸிலிருந்து குடியேறியவர்தான். 1949இல் டைம் இதழின் அட்டையிலேயே வந்தார். அவர் வேலையில் அவர் முகம் தெரியும். லேண்டரிடம் 'இது அவர் பாணி' என்று விரல் வைக்க ஒன்றுமில்லை. டெல் மான்ட்டே உணவு டப்பாவும் லீவைஸ் ஜீன்ஸ் சின்னமும் ஒரே இடத்தில் செய்தவை என்று யார் சொல்வார்?

பிராண்ட் வகுப்பெடுக்கும் குருமார்கள் மட்டும் அவரை விடவில்லை. 'பொருள் தொழிற்சாலையில் உருவாகிறது, பிராண்ட் மனதில் உருவாகிறது' என்று அவர் பெயரில் சுற்றும் வாசகத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கசப்பும் உண்டு. சரக்கைவிட உறைக்கு அதிகம் செலவழிக்கும் வியாபாரத்துக்கு வழிபோட்டதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பழியைப் போடக்கூட யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

1995இல் இறந்தார். கிழித்துப் போட வேண்டிய அந்த லேபிள்கள் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.